இது வேற ஆமி

ஓகஸ்ட் 12

உடுப்புத் தந்தார்கள். சப்பாத்து, தொப்பி, கையுறை, சீருடை. கடைசியாக உள்ளுடுப்பு. புதியதல்ல. போன வருடம் ஒருவன் போட்டது. அவனுக்கு முன் இன்னொருவன் போட்டிருக்கலாம். துவைத்து, மடித்து, அளவு பார்த்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். தட்டுப்பாடு என்றான் களஞ்சியக்காரன். நோர்வேயில்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் தன் பங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கவலைப்படாத. இலாஸ்டிக் இன்னும் இழுபடுது."

அவள் பெயர் இங்கில்ட். தெற்கே ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவளுடையது. இங்கே ஆணும் பெண்ணும் ஒரே அறை. சேவையும் இருபாலாருக்கும் கட்டாயம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்க்காமலிருக்கப் பழகுவதும் பயிற்சிதான் போல.

என் பெயர்ப்பட்டியில் அப்பாவின் பெயர் முழுதாகக் கொள்ளவில்லை. தர்மகுலசிங்கம். எல்லோரும் 'டார்மா' என்கிறார்கள். அப்பா ஒஸ்லோவில் வேறு வீட்டில் இருக்கிறார். பாதிப் பெயர் போதும்.

மாலையில் அம்மா போன் எடுத்தா.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"என்ன?"

"மீன்."

"அங்கயும் மீனோ. நான் இஞ்ச வெட்டி அனுப்பினதாத்தான் இருக்கும். அறையில ஆரார்?"

"பெடியள்தான்."

உள்ளுடுப்பு விஷயத்தைச் சொன்னேன்.

"ஆரோ போட்டதையோ? சீ. கொதிதண்ணியில அவிச்செடுத்துப் போடு, மோனை."

இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த முகாமில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது. இங்கில்ட் பேசுவது நோர்வேஜிய மொழி. என் கைக்கு வரும்போது அது அம்மாவின் தமிழாகிவிடுகிறது. தடுக்க முடியவில்லை.


ஓகஸ்ட் 30

எல்லை விதிகள் படித்தோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நோர்வே, அந்தப் பக்கம் ருஷ்யா. அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் கை காட்டக்கூடாது. கூப்பிடக்கூடாது. கல் எறியக்கூடாது.

"அவன் கை காட்டினால்?" என்று கேட்டேன்.

"நீ ஒண்டும் காணேல்ல" என்றார் லெப்டினன்ட் ஹாகன்.

சாப்பாட்டு மேசையில் இங்கில்ட் இன்னொரு தகவல் சொன்னாள். இந்த நாட்டு அரசரின் காவற்படையில் ஒரு பென்குயினுக்குப் பதவி உண்டு. ஸ்கொட்லாந்தில் மிருகக்காட்சிச்சாலையில் இருக்கிறது. மேஜர் ஜெனரல்.

"அது வந்தா நீ சலூட் அடிக்க வேணும், டார்மா. ஹாகனும் அடிக்க வேணும்."

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இந்த நாட்டின் வரலாறு படித்தவன் நான். பென்குயினைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சிரித்தா. "பாவம், அதுக்கும் பழைய உள்ளுடுப்போ?"

அம்மா சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம்.


செப்ரெம்பர் 14

விடுமுறை. பெர்க்னெஸ், எங்கள் ஊர். பஸ் இறங்கினால் மீன் தொழிற்சாலை, கடை, தேவாலயம், பிறகு கடல். முன்பு தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. எல்லாரும் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் மீன் வெட்டும் மேசையில் நிற்கிறா.

சீருடையைக் கழற்றிப் பையின் அடியில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் வந்தேன். காரணம் அம்மாவின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் இருக்கிறது. சின்ன மாமாவின் படம். வரிச் சீருடை, அரும்பு மீசை. நான் பிறக்க முன் சண்டையில் செத்தவர். இயக்கம் அவரைப் புதைத்த துயிலும் இல்லத்தை, யுத்தம் முடிந்த பிறகு இலங்கை இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியது. கல்லறைகள் இருந்த இடத்தில் முகாம் கட்டினார்கள். அம்மாவுக்கு 'ஆமி' என்றால் அது.

துவைக்க எடுக்கும்போது கண்டுவிட்டா.

"ஏன் இதைச் சுருட்டி வைச்சிருக்கிறாய்? போடு பாப்பம்."

போட்டேன். என்னைச் சுற்றி நடந்தா. கழுத்துப்பட்டியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தா, மீனின் செவுளைப் பார்ப்பதுபோல.

"துணி நல்லது."

பிறகு, எனக்கென்றில்லாமல், தனக்குத்தானே:

"இது வேற ஆமி. பனிக்குள்ள மாட்டுப்பட்டவையத் தூக்கிற ஆமி. செத்ததுகளோட கொழுவாத ஆமி."

குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தா. கனடா மாமிக்குப் போனது. நான் தோளை நிமிர்த்தி நின்றது எனக்கே தெரிந்தது.


செப்ரெம்பர் 15

அம்மாவோடு கல்லடிக்குப் போனேன்.

ஊருக்கு வெளியே, சேற்று நிலத்துக்கு மேலே, ஒரு நினைவுக்கல். 'சோவியத் வீரர்களுக்கு, 1942–1944.' ஜெர்மன்காரர் வீதி போடக் கொண்டுவந்த போர்க்கைதிகள். பட்டினியிலும் குளிரிலும் செத்தவர்கள். கல்லைச் சுற்றி நீள்சதுரமான பள்ளங்கள். புல் மூடியிருக்கிறது.

தன் தம்பிக்கு விளக்கு வைக்க இடமில்லை என்று ஆனபிறகு அம்மா இங்கே வரத் தொடங்கினா. ஒவ்வொரு நவம்பர் 27ம் திகதியும், மாவீரர் நாளில். தக்காளிக் குழம்பில் மீன் அடைத்து விற்கும் சிறிய தகர டப்பா. அதில் எண்ணெய் விட்டுத் திரி போட்டால் காற்றுக்கு அணையாது. அவ கண்டுபிடித்தது.

"நாங்கள் இவையளுக்குக் கொளுத்தினா, அங்க ஆரோ ஒருத்தர் தம்பிக்குக் கொளுத்துவினம்."

அப்படி ஒரு கணக்கு. சின்ன வயதில் நானும் நம்பினேன்.

இன்று தொழிற்சாலைத் தூரிகையால் கல்லில் பிடித்த பாசியை உரஞ்சினா. பிறகு வண்டியில் கொண்டுவந்த மண்ணை ஒரு பள்ளத்தில் கொட்டிக் கையால் பரவினா. பல வருடமாகச் செய்கிறா. ஒற்றைச்சில்லு வண்டி ஓட்வாருடையது. தொழிற்சாலையில் அம்மாவுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர்.

"மண் இறங்கிப்போச்சு. அவசரத்தில தாட்டிருக்கிறாங்கள், ஆழமில்லாம. இப்பிடியே விட்டா மழைத்தண்ணி நிக்கும் பிள்ளையளுக்கு மேல."

அந்தப் பள்ளங்களில் மஞ்சள் பெரிப்பழம் நன்றாகக் காய்க்கும். அம்மா ஒன்றுகூடப் பிடுங்க விட்டதில்லை.

நான் வண்டியைப் பிடித்தேன்.

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுதித் தொலைக்கிறேன்.

மண் இறங்கவில்லை. அவை உடல்களைத் தோண்டி எடுத்த குழிகள்.

1951. குளிர்யுத்தம். கல்லறை பார்க்கும் சாட்டில் ருஷ்யர் வடக்கில் உளவு பார்க்க வருவார்கள் என்று நோர்வே பயந்தது. பாதுகாப்பு அமைச்சு அழுத்தியது. வடக்கெங்கும் அந்தக் கைதிகளின் கல்லறைகள் தோண்டப்பட்டன. எலும்பும் மிச்சமும் தார் தோய்த்த கடதாசிச் சாக்குகளில் கட்டப்பட்டன. படகுகள் அவற்றைத் தெற்கே ஷொத்தா என்ற தீவுக்குக் கொண்டுபோயின. அந்தச் சாக்குகளால்தான் அந்த நடவடிக்கைக்குப் பெயர்: அஸ்பால்ட். தார்.

இரண்டாம் வருடம், விரிவுரை மண்டபத்தில், பேராசிரியர் இடங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனார். பெர்க்னெஸ் வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் கோப்பி உறிஞ்சினான்.

அதற்குப் பிறகும் ஒரு நவம்பர் வந்து போனது. நான் தீப்பெட்டி பிடித்தேன்.


ஒக்டோபர் 2

ஹாகன் கூப்பிட்டார். இருபத்தைந்தாம் திகதி இந்தப் பகுதி விடுதலையான நாள். பெர்க்னெஸ் கல்லடியில் சிறிய நிகழ்வு. எங்கள் பிரிவு அணிவகுத்து நிற்கும். ஒரு சிப்பாய் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

"நீ அந்த ஊர்ப்பிள்ளை. வரலாறு படிச்சனி. நீதான்."

அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. நாளைக்குத் தொழிற்சாலை முழுக்கத் தெரியும்.

"மைக் தருவினமோ?"

"தருவினம்."

"அப்ப நான் சீலைதான் உடுப்பன். மேல ஜக்கெட் போட்டாலும் கரை தெரியும்."


ஒக்டோபர் 9

பேச்சு எழுதினேன். அந்த விஷயத்தையும் ஒரு பந்தியில் எழுதினேன். ஏன் என்று தெரியவில்லை. கை எழுதியது.

இங்கில்ட் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு வாசித்தாள். கீழே எட்டிப் பார்த்தாள்.

"இது உண்மையோ? சாக்கில கட்டியோ?"

"ஓம்."

"எங்கட பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் சொல்லேல்ல. நாங்கள் பீரங்கியால சுட்டு ஜெர்மன்காரற்ற கப்பலைத் தாட்டதைத்தான் ஒவ்வொரு வருசமும் படிப்பிச்சவை." தாளைத் திருப்பித் தந்தாள். "இந்தப் பந்திதான் பேச்சு. மிச்சமெல்லாம் வாழ்த்து அட்டை."


ஒக்டோபர் 11

ஹாகன் வாசித்தார். அந்தப் பந்தி நீக்கப்பட்டது.

இங்கில்டிடம் சொன்னேன். "கோழை" என்றாள், ஹாகனை.

மாலையில் சப்பாத்து மினுக்கினேன். மனம் லேசாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.


ஒக்டோபர் 12

சுற்றுக்காவல். மழை. எதிர்க்கரையில் ஒருவன் நின்றான். நான் ஒன்றும் காணவில்லை.


ஒக்டோபர் 25

முடிந்தது.

பனித்தூறல். மேயர், தேவாலயக்காரர், தொழிற்சாலைப் பெண்கள். முன்வரிசையில் அம்மா. நீலச் சீலை, கரை தெரிந்தது. குளிரில் கால் மாற்றிக் கால் நின்றா. என்னைப் பார்க்காமல் என் சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றா. எல்லாம் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று.

வாசித்தேன். விடுதலை, தியாகம், நன்றி. பள்ளங்களில் அம்மா போட்ட மண் புதிதாக, கறுப்பாக இருந்தது. மேயரின் கால் ஒரு பள்ளத்தின் விளிம்பில் இருந்தது. அம்மா அவரின் கையைத் தொட்டு மெல்ல ஒதுக்கி நிறுத்தினா. மேயர் மன்னிப்புக் கேட்டார்.

அப்போது நான் ஒரு வசனம் சொன்னேன்.

"அவர்கள் இங்கே உறங்குகிறார்கள்."

அது தாளில் இல்லை.

அம்மா தலையாட்டினா. அந்த நோர்வேஜிய வசனம் அவவுக்கு முழுதாக விளங்கியது. எளிய வசனம்.

அணியில் இங்கில்ட் நேரே பார்த்தபடி நின்றாள். அவளின் தாடை அசைந்தது.

பிறகு தேவாலய மண்டபத்தில் கோப்பி, கேக். ஓட்வார் வந்து என் கையைப் பிடித்தார். விடவில்லை. கிழட்டுக் கை, மீன் முள்ளுத் தழும்புகள்.

"நல்லாச் சொன்னாய். ஊரைச் சங்கடப்படுத்தேல்ல. நன்றி."

அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றா. ஒரு தட்டில் எனக்குக் கேக் வைத்துக்கொண்டு. "என்னவாம்?" என்று கேட்டா.

"நல்ல பேச்சாம்."

ஓட்வாருக்குத் தெரியும். வண்டியை இரவல் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரியும். இந்த ஊரில் வயது போன எல்லாருக்கும் தெரியும். என் அம்மா வெறும் குழிக்கு மண் தள்ளுவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான் அவர்களில் ஒருவன். கேக் சாப்பிட்டேன்.


ஒக்டோபர் 26

துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தோம். இங்கில்ட் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஹாகன் வெட்டினவர் எண்டு சொன்னாய்."

"ஓம்."

"நேற்று பஸ்ஸில அவரிட்டக் கேட்டனான். சண்டை பிடிக்கத்தான் போனனான். அவர் சொன்னார்: 'ருஷ்யாவோட இருக்கிற நிலையில, இந்த வருசம் இது சிக்கலான பந்தி. ஆனா முடிவு உன்னுடையது எண்டு நான் அவனுக்குச் சொன்னனான்.' நீ அவற்ற மேசையில இருந்த பேனையையே எடுத்து வெட்டினியாம்."

எண்ணெய்த் துணியை மடித்தேன்.

"கோழை எண்டு நான் பிழையான ஆளைச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

பதினோராம் திகதி எழுதியதைத் திருப்பி வாசித்தேன். 'அந்தப் பந்தி நீக்கப்பட்டது.' நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்காக என்று அவளிடம் சொல்லலாம். அது பாதி உண்மை. குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை. அதை நான் விட விரும்பவில்லை. மற்றப் பாதி அது.


ஒக்டோபர் 29

பென்குயின் பகிடி இப்போது யாரும் சொல்வதில்லை. இவ்வளவு நாளும் சொன்னவள் இங்கில்ட்தான்.


நவம்பர் 9

அம்மாவின் போன்.

"மோனை, உன்ர பேச்சுக்குப் பிறகு எல்லாரும் என்னோட நிண்டு கதைக்கினம். கடைக்காரப் பெட்டை மண் மூட்டையைப் பாதி விலைக்குத் தந்தவள்."

"என்ன மண் மூட்டை?"

"பூக்கண்டுக்குப் போடுற மண். 27க்கு முன்னம் எல்லாக் குழியையும் நிரப்ப வேணும். வெளியில வைச்சா உறையும், அதாலை குசினிக்குள்ள அடுக்கி வைச்சிருக்கிறன். பின்னேரத்தில ஒவ்வொண்டாக் கொண்டுபோறன். தோள்தான் கொஞ்சம் பிடிச்சிட்டுது."

"அம்மா, பனிக்குள்ள ஏன். வசந்தத்தில பாப்பம்."

"நீதானே சொன்னனி, இங்க உறங்கினம் எண்டு. அதுக்குப் பிறகு எப்பிடிக் குழியா விடுறது?"

லீவு கேட்டு ஹாகனிடம் போனேன். இருபத்துமூன்றாம் திகதிக்குத் தந்தார். 27ம் திகதி காவல் முறை என்னுடையது. மாற்ற முடியாது என்றார்.


நவம்பர் 20

சொல்லாமலே விடலாம். அம்மாவுக்கு அந்த இடம் வேண்டும். குழியில் ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இப்படித்தான் ஓட்வாரும் யோசித்திருப்பார். ஒவ்வொரு வருடமும். அன்போடு.


நவம்பர் 23

பெர்க்னெஸ். மத்தியானமே இருட்டு. சூரியன் இனி ஜனவரியில்.

சீருடையோடு வரச் சொல்லியிருந்தா அம்மா. சீருடையோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள்ளால் நடக்க வேண்டும் என்று ஆசை. நடந்து வந்தேன். வீட்டு நடையில் என் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்ன மாமாவின் படம். அலுமாரியை விட்டு வெளியே வந்துவிட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீருடைகள்.

குசினியில் ஹீட்டரோடு மண் மூட்டைகள். கறுப்பு நெகிழிச் சாக்கு. அடுப்பில் சோறு. அம்மாவின் தோளில் நோவுக்குப் பூசிய தைல மணம்.

"கால் கழுவத் தேவையில்லை. ரெண்டு மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டிட்டு வந்து சாப்பிடுவம். ஓட்வார் வண்டி வாசல்ல நிக்குது."

ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினேன். கதவு வரை போனேன். சாக்கு கன்னத்தில் உரசியது. இறக்கி வைத்தேன்.

"என்ன, பாரமோ? ஆமிக்காரன்."

"அம்மா, அங்க ஒருத்தரும் இல்லை."

"எங்க?"

"அந்தக் குழியளுக்க. எல்லாரையும் கிண்டி எடுத்துக்கொண்டு போட்டினம். அது மண் இறங்கினதில்லை. எடுத்த குழி."

கரண்டியோடு நின்றா. சோறு கொதித்தது.

"எப்ப?"

"ஐம்பத்தொண்டில."

"ஆர்?"

"அரசாங்கம்."

"அரசாங்கம் மண்வெட்டி பிடிக்காது, மோனை. ஆர்?"

"கூலிக்கு ஆக்கள் பிடிச்சுச் செய்தது. சொல்லிச் செய்விச்சது பாதுகாப்பு அமைச்சு."

"உன்ர ஆமி."

கேள்வியாக இருக்கவில்லை.

"எழுபது வருசத்துக்கு மேல, அம்மா. இப்ப இருக்கிற ஆக்கள் ஒருத்தரும்..."

"நான் வருசம் கேக்கேல்ல. எங்க கொண்டுபோனவங்கள்?"

"தெற்க. ஒரு தீவுக்கு. ஷொத்தா எண்டு."

"எப்பிடி?"

"படகில."

"என்னத்தில கட்டி?"

மூட்டைகளைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. அவவும் பார்த்தா.

அடுப்பைக் குறைத்தா. மூடியைச் சரியாக வைத்தா. கையைத் துடைத்தா.

"ஓட்வாருக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"உனக்கு?"

"கம்பசில படிச்சனான்."

"அப்ப போன வருசம் நெருப்புப்பெட்டி பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க தெரியும்."

"ஓம்."

"மைக்கில என்ன சொன்னனி?"

நான் மூட்டையை நிமிர்த்தி வைத்தேன்.

"சொல்லு. அத்தினை சனத்துக்கு முன்னால சொன்னனி. எனக்கும் சொல்லு."

"இங்கே உறங்குகினம் எண்டு."

அம்மா நடைக்குப் போனா. சட்டங்களில் ஒன்று சுவரில் உரசும் சத்தம். எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்து இரண்டு கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்தா. சோறு போட்டா. எனக்குப் பெரிய மீன்துண்டு. எப்போதும் போல.

பிறகு என் நெஞ்சைப் பார்த்து, பெயர்ப்பட்டி இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொன்னா:

"அதைக் கழட்டிப்போட்டு வந்து சாப்பிடு."


நவம்பர் 24

காலையில் அம்மா வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனா. பனிக்குள் சில்லு உருளவில்லை. இழுத்துக்கொண்டு போனா. ஊரின் ஒரே வீதியில் ஒரு கோடு, ஆழமாக, எங்கள் வாசலில் இருந்து அவர் வாசல் வரை. நான் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரோடு பின்னால் நடந்தேன். ஒரு கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டா.

ஓட்வார் கதவைத் திறந்தார். உள்ளங்கியோடு, சவரம் செய்யாமல்.

அம்மாவின் நோர்வேஜிய மொழி வேலைத்தள மொழி. குறைவு. கத்தி, பெட்டி, வேகமாக, நாளைக்கு. அதில் சொன்னா:

"இனி மண் இல்லை. உங்கட வண்டி."

"எங்கட அப்பாவின்ர படகும் சாக்கு ஏத்திக்கொண்டு போனது" என்றார் ஓட்வார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "நாங்கள் சின்னப் பிள்ளையள். பின்னால உங்களிட்டச் சொல்ல வெக்கமாயிருந்தது. நீங்கள் அவ்வளவு கவனமாச் செய்துகொண்டிருந்தனீங்கள்."

"எந்தத் துறையில ஏத்தினது?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். பழைய மீன்துறை. இப்போது பாவிப்பதில்லை.

அம்மா திரும்பி நடந்தா. ஓட்வார் என்னைப் பார்த்தார். ஒரே குற்றத்தில் பிடிபட்ட இருவர் பார்ப்பதுபோல. நான் முகத்தைத் திருப்பினேன். திருப்ப எனக்கு என்ன உரிமை.

பஸ்ஸுக்கு முன் நடையைப் பார்த்தேன். சின்ன மாமா இருக்கிறார். பக்கத்தில் ஆணி மட்டும்.

சாப்பாடு கட்டித் தந்தா. பொதியில் வழக்கம்போல ஊறுகாயும் இருந்தது. பஸ் வந்தபோது "கவனம்" என்றா.


நவம்பர் 25

இங்கில்டிடம் சொன்னேன். எல்லாவற்றையும். ஊறுகாய்ப் போத்தலை இருவரும் கத்திமுனையால் சாப்பிட்டோம். அவளுக்குக் கண்ணீர் வந்தது. உறைப்பில்.

"இப்ப லேசா இருக்கோ?" என்று கேட்டாள்.

"எனக்கு இருக்கு. அதுதான் பிரச்சினை."


நவம்பர் 27

காவற்கோபுரம், பகல் முறை. பகல் என்பது நீலமான ஒரு மணித்தியாலம். எதிர்க்கரையில் ஒரு வெளிச்சம் நகர்ந்தது. குறித்துக்கொண்டேன்.

இறங்கியவுடன், முகாமின் படலையடியில் நின்று அம்மாவுக்கு எடுத்தேன். காற்றுச் சத்தம் கேட்டது, அவவின் பக்கமும்.

"கொளுத்தினனீங்களோ?"

"கொளுத்தினன்."

"எங்க?"

"துறையில. கல்லில வைச்சா அலை அடிக்குது. கயிறு கட்டிற இரும்புக்கட்டைக்கு மேல வைச்சிருக்கிறன்."

"ஆர் நிக்கினம்?"

"ஒருத்தருமில்லை. ஓட்வார் தூரத்தில நிக்கிறார். நிக்கட்டும்."

ஏதோ சொல்ல வேண்டும் என்று தேடினேன். படித்த சொற்கள் எல்லாம் இருந்தன.

"அம்மா, நான்..."

"நீ இப்ப எங்க நிக்கிறாய்?"

"காவல் முடிஞ்சு வாறன்."

"அந்த உடுப்போடயோ?"

"ஓம்."

டப்பாவைக் காற்றுக்கு மறைக்கிறா போலிருந்தது. மூச்சுக் கேட்டது.

"அப்ப கழட்டினாப்பிறகு எடு."

அறைக்கு வந்தேன். இங்கில்ட் வழக்கம்போல சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மேற்சட்டையைக் கழற்றினேன், பெயர்ப்பட்டி உட்பக்கம் போகும்படி மடித்தேன். காற்சட்டை. கம்பளிக் காலுறை. போனை எடுத்தேன். அம்மாவின் இலக்கத்தில் விரல் நின்றது.

உள்ளுடுப்பும் ஆமி தந்தது. எனக்கு முன் யாரோ போட்டது. அம்மா கொதிதண்ணியில் அவிக்கச் சொன்னா. நான் அவிக்கவில்லை. அவித்தேன் என்று சொல்லியிருந்தேன்.

போன் கட்டிலில் கிடக்கிறது. குளிர்கிறது.